படப்பிடிப்புத் தளத்துக்கு வந்த டியூஷன் அக்கா

சின்ன வயதில் நடித்துப் புகழ்பெற்ற ஒருவர் திரையில் காணாமல் போனால், "பாவம், ஃபீல்ட் அவுட் ஆயிட்டாங்க" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். படிக்கப் போயிருப்பார் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. அமெரிக்க நடிகை மாயிம் பியாலிக்கின் கதை எனக்கு அதனால்தான் முக்கியம்.

1990 முதல் 1995 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'பிளாசம்' தொடரின் நாயகி அவர்தான். தொடங்கும்போது வயது பதினான்கு. கணக்கும் அறிவியலும் பையன்களுக்குத்தான் வரும், தனக்கு வராது என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவம் படிக்கும் ஒரு இளம்பெண் படப்பிடிப்புத் தளத்துக்கே வந்து அவருக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தார். உன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை அவரிடமிருந்து வந்தது என்று மாயிம் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தொடர் முடிந்ததும் ஹார்வர்டும் யேலும் இடம் கொடுத்தன. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்று லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நரம்பியல் படித்தார். அங்கேயே 2007இல் முனைவர் பட்டம். பிராடர்-வில்லி என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் மனக்கட்டாயமும் இருக்கும். மூளையில் பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதி இவர்களுக்கு எப்படி இயங்குகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. மூத்த மகன் பிறந்தது இந்த ஆராய்ச்சிக் காலத்தில்தான். கைக்குழந்தையோடு ஆய்வேடு எழுதுவது என்ன பாடு என்று அந்த வழியில் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்புறம், 'தி பிக் பேங் தியரி' என்ற நகைச்சுவைத் தொடரில் நரம்பியல் விஞ்ஞானி ஏமியாக நடிக்க வந்தார். "டாக்டர் பட்டம் வாங்கிட்டு மறுபடியும் நடிப்பா? படிப்பு வீண்" என்பவர்களை நான் ஒப்பவே மாட்டேன். மருத்துவக் காப்பீடு தேவைப்பட்டதால் திரும்பி வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு தாய்க்கு அதைவிட என்ன காரணம் வேண்டும்? அதோடு, பெண் விஞ்ஞானி ஒருத்தியை வாராவாரம் கோடிக்கணக்கானோர் வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாரே, அது சின்ன வேலையா?

அவர் மட்டும் இல்லை. 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரில் நடித்த டேனிகா மெக்கெல்லர் அதே யு.சி.எல்.ஏ.வில் கணிதம் படித்தார். ஒரு தேற்றத்தில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் தனிமனித சாமர்த்தியம் மட்டும் என்று நான் நம்பவில்லை. பள்ளி நாட்களில் நடிக்கும் பிள்ளைக்குத் தினமும் மூன்று மணி நேரம் பாடம் நடந்தாக வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் விதி. அதற்கென ஸ்டுடியோ டீச்சர் தளத்திலேயே இருப்பார். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடல்நலம், பாதுகாப்பு எல்லாம் அவர் பொறுப்பு. இயக்குநர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் கைவைக்க முடியாது. குழந்தை நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் விருதுகளையும் கேரவனையும்விட இந்த விதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.