அது சின்னப் பிள்ளைகளின் பணம் இல்லை

உதவித்தொகை வாங்கிய நாளில் எடுத்த படத்தைச் சனிக்கிழமை முகநூலில் போட்டேன். அதன் கீழே என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே கருத்து எழுதிய ஓர் அண்ணன் அதை மறுநாள் காலையிலேயே நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் 31 பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். அவர்களில் ஆறேழு பேர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் எழுதியது: "46 வயதில் பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறார்? சின்னப் பிள்ளை யாருக்காவது போயிருக்க வேண்டிய பணம்."

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். எனக்குக் கிடைத்த 3,000 சிங்கப்பூர் வெள்ளி, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் பெரியவர்களுக்கென்று ஒரு நன்கொடையாளர் ஏற்படுத்திய உதவித்தொகை. தொடக்கக் கல்லூரி முடித்து வரும் 19 வயதுப் பிள்ளை அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. விண்ணப்பத்தாளின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. நான் வாங்கியிருக்காவிட்டால் என்னைப் போல இன்னொருவர் வாங்கியிருப்பார். பகலெல்லாம் வேன் ஓட்டிவிட்டு வகுப்புக்கு வரும் ஒருவர், அல்லது இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வரும் தாதி ஒருவர். எந்தச் சின்னப் பிள்ளையின் கையிலிருந்தும் நான் எதையும் பிடுங்கவில்லை.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் படிப்பது சமூகப் பணி. அதில் களப்பயிற்சி உண்டு. ஒரு சமூக சேவை அமைப்புக்குப் போய், நூற்றுக்கணக்கான மணி நேரம் உடனிருந்து வேலை கற்க வேண்டும். பெரும்பாலும் அது அலுவலக நேரத்தில்தான் நடக்கும். அதற்காக நான் வேலை பார்க்கும், முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்தில் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கிறேன். அந்த மாதங்களில் வீட்டுக் கடன் நிற்காது, மின்கட்டணம் நிற்காது, மகளின் பேருந்துச் செலவும் நிற்காது. 3,000 வெள்ளி அங்கேதான் போகிறது. புடவைக்குப் போகவில்லை. படத்தில் நான் கட்டியிருந்த புடவை என் தங்கையுடையது.

"அப்படியானால் அந்தக் காலத்திலேயே படித்திருக்கலாமே" என்று ஒருவர் கீழே கேட்டிருந்தார். சரி, அதற்கும் பதில் சொல்கிறேன். 1996இல் சாதாரண நிலைத் தேர்வு எழுதினேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. கடிதம் வந்து மூன்று வாரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். வீட்டில் நான்தான் மூத்தவள். அங் மோ கியோவில் ஒரு தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்டுக்குச் சேர்ந்தேன். அப்பா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கச் சொன்னார். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போதெல்லாம் படத்தை இறக்கித் துடைத்து, கடிதத்தை மறுபடியும் செருகி வைப்பேன். அப்பா கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்றாவது வருடம் அது அங்கே இல்லை. யார் எடுத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை. தம்பியும் தங்கையும் படித்தார்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் "அந்தக் காலத்திலேயே படித்திருக்கலாமே" என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்.

"இந்த வயதில் பட்டம் எதற்கு" என்பவர்கள் கணக்கையாவது ஒழுங்காகப் போடட்டும். 2026 ஜூலை முதல் இங்கே ஓய்வு வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது, அதாவது ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் தொடரக்கூடிய வயது, 69. நான் பட்டம் வாங்கும்போது 49 ஆகியிருக்கும். அப்புறமும் இருபது வருடம் வேலை பார்க்கலாம். எங்கள் இல்லத்தில் தமிழ் மட்டுமே பேசும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஒருவர் போன மாதம் சாப்பாட்டை மூன்று நாள் ஒதுக்கினார். பசியில்லை போலிருக்கிறது என்று ஏட்டில் எழுதினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அன்று அவருடைய கணவரின் திவசம், அதற்கு முன்னால் விரதம். இதைக் கேட்டுச் சொல்லத் தெரிந்த சமூகப் பணியாளர் இந்தச் சமூகத்துக்கு வேண்டாமா?

பெரியவர்கள் படிப்பது இங்கே புதிதும் இல்லை. இன்றைய சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் 2005இல் சிம் பல்கலைக்கழகமாகத் தொடங்கியதே வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகத்தான். 2017இல் அது தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லாருக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கென்று அரசாங்கம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை கொடுத்தது. இந்த அண்ணனுக்கும் வந்திருக்கும். அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை.

"சம்பளம் வாங்குகிறவர் கடன் வாங்கிப் படிக்க வேண்டியதுதானே?" வாங்கியிருக்கிறேன். இதற்கு மேல் என் கணக்கு வழக்கை முகநூலில் விரிக்க எனக்கு விருப்பமில்லை. விண்ணப்பத்தோடு மத்திய சேம நிதி அறிக்கை, சம்பளச் சீட்டு, வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு வருமானம் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கேட்க உரிமை உள்ளவர்கள் கேட்டுவிட்டார்கள்.

அந்த நன்கொடையாளர் அம்மாவை உதவித்தொகை வாங்கிய அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நன்றி சொல்ல நான் மனப்பாடம் செய்து போனதெல்லாம் மறந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தப் பாடம்மா கஷ்டமா இருக்கு?" ஆய்வு முறைகள், அதில் வரும் கணக்கு என்றேன். எனக்கும் கணக்கு வராது என்றார். என் வயதை அவர் கேட்கவில்லை. பணம் கொடுத்தவர் கேட்காததை, கொடுக்காதவர் ஏன் கேட்க வேண்டும்?

கொடுப்பதும் எங்களுக்குப் புதிதில்லை, அண்ணே. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்காகத் தமிழ் முரசு நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினாரே, அதற்கு என் தாத்தா ஒரு வெள்ளி கொடுத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒரு வெள்ளியில் யார் படித்தார், அவருக்கு என்ன வயது என்று அவர் விசாரிக்கவில்லை. என் சம்பளத்திலிருந்தும் மாதம் 7 வெள்ளி, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் போகிறது. அதில் எந்த வீட்டுப் பிள்ளை துணைப்பாட வகுப்புக்குப் போகிறது என்று நானும் கேட்டதில்லை. கொடுக்கும்போது நாங்கள் சமூகம். வாங்கும்போது மட்டும் அடுத்தவர் பணத்தை எடுத்தவர்களா?

எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அந்தக் கருத்தை முதலில் படித்தது என் மகள். இரவு பத்தரைக்கு வகுப்பு முடிந்து நான் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது அவள் செய்தி அனுப்பினாள்: "அம்மா, போனைப் பார்க்காதே, வீட்டுக்கு வா." வந்தேன். சாப்பாட்டைச் சூடு பண்ணி மூடி வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு அப்புறம்தான் காட்டினாள். 15 வயதுப் பிள்ளை. நீங்கள் சொல்லும் அந்தச் 'சின்னப் பிள்ளை' எங்கள் வீட்டிலும் இருக்கிறாள், அண்ணே.

பிரச்சினை வேண்டாம், படத்தை எடுத்துவிடுங்கள் அக்கா என்று நான்கைந்து பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில்தான் சொல்கிறீர்கள், தெரியும். எடுக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு நான் எழுத வேண்டிய நன்றிக் கடிதம் இன்னும் பாதியில் நிற்கிறது. இன்று இரவு அதை முடித்து, இதே படத்தில் ஒரு பிரதி எடுத்து உள்ளே வைத்து அனுப்பப் போகிறேன்.