இரண்டு பிரதி எதற்கு?

"மதிப்புரைக்கு நூலின் இரண்டு பிரதிகளை அனுப்பவும்." தமிழ் இதழ்களில் காலங்காலமாக வரும் வரி. இதைத் தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொல்வது புத்தகம் போட்டவன் இல்லை. தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு சிற்றிதழுக்கு மதிப்புரை எழுதுகிறவன்.

ஒரு பிரதி எழுதுகிறவருக்கு, இன்னொன்று இதழ் அலுவலகத்துக்கு. அதுதான் கணக்கு. ஆயிரம் பிரதி அச்சடித்துவிட்டு அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணைக்குக் காத்திருந்த பதிப்பாளருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இன்று அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒருவர் கைக்காசைப் போட்டு பிஓடி-யில் (வேண்டிய அளவு மட்டும் அச்சடித்துத் தரும் முறை) நூறு பிரதி எடுக்கிறார். ஐந்து இதழ்களுக்கு இரண்டிரண்டு அனுப்பினால் பத்து போச்சு. நூற்றில் பத்து! தபால் செலவு தனி. புத்தகத்துக்கென்று மலிவாக இருந்த பதிவு புக் போஸ்ட்டை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

சரி, அந்த இரண்டாவது பிரதிக்கு என்ன ஆகிறது? பழைய புத்தகக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் 'மதிப்புரைக்காக' என்று முத்திரை, கீழே 'அன்புடன்' என்று ஆசிரியர் கையெழுத்து, பக்கங்கள் புரட்டிய தடமே இல்லாமல்.

அதற்காக அனுப்புகிறவர்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சமீபத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. சமர்ப்பணம், பெற்றோர் படம், வாழ்த்துரை, அணிந்துரை, நட்புரை, பதிப்புரை, என்னுரை. முதல் கவிதை வருவதற்குள் முப்பது பக்கம் தாண்டிவிட்டது. விலை இல்லை, வெளியான வருஷம் இல்லை, தொடர்பு எண் இல்லை. நான் ஆகா ஓகோ என்று எழுதினாலும் படிக்கிறவர் எங்கே போய் வாங்குவார்? ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் மட்டும் பின்னட்டையில் பளிச்சென்று இருக்கிறது. (விண்ணப்பித்தால் மத்திய அரசு இலவசமாகவே தரும் எண் அது. தரச்சான்று இல்லை.) இத்தனைக்கும் உள்ளே, பாலக்கோட்டு மண்டியில் தக்காளி விலை விழுந்த நாளைப் பற்றி ஒரு கவிதை. சின்னதுதான், அசத்திவிட்டார். அத்தனை உரைகளையும் தாண்டி அதுவரை எத்தனை பேர் வருவார்கள்?

இன்னொரு ரகம், மதிப்புரையையும் தாங்களே எழுதிக் கூடவே வைத்து அனுப்புவார்கள். "உங்க பேர்ல போட்டுக்குங்கண்ணா" என்று வாட்ஸ்அப் வேறு. அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் இவர்களைக் காட்டி, சொந்தப் பதிப்பு என்றாலே ஓரங்கட்டும் இதழ்கள் இருக்கின்றனவே, அது அநியாயம். எடுப்பதில்லை என்றால் அதையும் அச்சில் சொல்லிவிடுங்கள். அனுப்புகிறவருக்குத் தபால் காசாவது மிஞ்சும்.

முதலில் பிடிஎஃப் கேளுங்கள். முழுப் புத்தகமும் ஊர் சுற்றிவிடும் என்று ஆசிரியர் பயந்தால் ஒரு அத்தியாயம், நாலு கவிதை போதும். எழுத்து எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும். எழுதுவது என்று முடிவானால் எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு பிரதி வாங்குங்கள். இல்லையென்றால் வந்த புத்தகங்களைப் பட்டியல் போடும் 'வரப்பெற்றோம்' பகுதியில் தலைப்பு, விலை, போன் நம்பர் போட்டுவிடுங்கள். நாலு வரி இடம்தான். அப்புறம், அலுவலகத்துக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.