பழைய எண்ணெய்க் கிணறு: கரன்ட் கேட்காதீங்க, சூட்டைக் கேளுங்க

ஓய்ந்துபோன எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையெல்லாம் புவிவெப்ப மின்நிலையம் ஆக்கிவிடலாம் என்று உற்சாகமாகப் பேசுகிறார்கள். தோண்டும் செலவு மிச்சம் என்பது நிஜம். மின்சாரம் என்று வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

பூமிக்குள் கிலோமீட்டருக்கு 25-30 டிகிரி சூடு ஏறும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் 120 டிகிரி கிடைத்தால் நல்ல கிணறு. நொடிக்கு 10 லிட்டர் வெந்நீர் வந்து, அதை 70 டிகிரிக்கு ஆறவிட்டால் சுமார் 2,100 கிலோவாட் வெப்பம். இந்தச் சூட்டில், தண்ணீரைவிடக் குறைந்த சூட்டில் கொதிக்கும் ஐசோபியூட்டேனையோ பென்டேனையோ கொதிக்க வைத்துத்தான் டர்பைன் சுற்ற முடியும். பத்தில் ஒரு பங்கு மின்சாரமானால் பெரிது. அந்த 200 கிலோவாட்டிலும் பம்பும் கூலிங் ஃபேனும் தின்றது போகத்தான் மிச்சம். நம்ம ஊர் வெக்கையில் இன்னும் குறையும். அமெரிக்காவின் வயோமிங்கில் 2008-ல் ஒரு எண்ணெய் வயலின் வெந்நீரில் ஓட்டிப் பார்த்த இயந்திரமே 250 கிலோவாட்தான். முப்பந்தலில் நிற்கிற பழைய சின்னக் காற்றாலை ஒன்றின் அளவு. (ராத்திரி பகல் ஓடும், காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், அது பெரிய விஷயம்தான்.)

அந்த 10 லிட்டரே எல்லாக் கிணற்றிலும் வராது. எண்ணெய்க் கிணற்றின் கேசிங் (சுவராக இறக்கிய இரும்புக் குழாய்) பெரும்பாலும் 7 அங்குலம், இல்லையென்றால் ஐந்தரை. வளைகுடா ரிக்குகளில் ஒர்க்ஓவர் (பழைய கிணற்றைப் பழுதுபார்க்கும் வேலை) பார்த்த நம்ம குமரி மாவட்டத்து ஆட்களுக்கு மிச்சம் தெரியும்: கிணற்றைக் கில் பண்ணி (கனமான திரவம் நிரப்பி அழுத்தத்தை அடக்கி), டியூபிங்கையும் (எண்ணெய் ஏறிவந்த உள்குழாய்) பேக்கரையும் (அதைச் சுற்றியுள்ள அடைப்பு) உருவி, ஸ்கிரேப்பர் விட்டுச் சுவரைச் சுரண்டி, சிமென்ட் பாண்ட் லாக் (கேசிங்கைச் சுற்றி சிமென்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்ற சோதனை) எடுத்து, பிரஷர் டெஸ்ட் பண்ணணும். பல கிணறுகள் இங்கேயே தோற்றுவிடும். கார்பன் டை ஆக்சைடும் உப்புத்தண்ணீரும் வருஷக்கணக்கில் அரித்த இரும்பு அது. சிமென்ட் விட்டுப்போன இடத்தில் வாயு மேலேறி குடிநீர் அடுக்குக்குப் போகலாம்.

தேறிய கிணற்றிலும் வெந்நீர் மேலேறி அழுத்தம் குறையும்போது கரைந்திருந்த வாயு பிரியும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். சூடு எடுத்த தண்ணீரைத் திரும்ப இறக்க இன்னொரு கிணறு வேண்டும். ரொம்பப் பக்கத்தில் இறக்கினால் வெந்நீரே ஆறிப்போகும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எண்ணெய் உள்ளே வர கேசிங்கில் போட்ட துளைகளை சிமென்ட்டால் அடைத்து, உள்ளே (தெர்மாஸ் குடுவை மாதிரி) வெற்றிடக் காப்புள்ள குழாயை இறக்கி, தண்ணீரை மட்டும் சுற்றவிடலாம். சுத்தமான வழி. ஆனால் பாறை மெதுவாகத்தான் சூட்டை விடும். சில மாதத்தில் சுற்றியுள்ள பாறை ஆறி, சில நூறு கிலோவாட் வெப்பத்தில் நின்றுவிடும். அதில் மின்சாரம் எடுத்தால் நாலைந்து மோட்டார் ஓடும்.

அதனால் என் கட்சி, சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவது. காவிரிப் படுகையில் ஓய்ந்த கிணறுகளின் பக்கத்திலேயே நெல்லும் மீனும் உலர்த்தலாம். 80-90 டிகிரி தண்ணீர் லித்தியம் புரோமைடு சில்லருக்கு (சூட்டைக் கொண்டே குளிர் உண்டாக்கும் இயந்திரம்) போதும், குளிர்பதனக் கிடங்கு நடத்தலாம். ஐஸ் கட்டிக்கு அம்மோனியா இயந்திரமும் இன்னும் கூடுதல் சூடும் வேண்டும். வெந்நீரை வெகுதூரம் கொண்டுபோக முடியாது என்பதால் நம்ம தேங்காய்ப்பட்டணத்துக்கு இதில் பங்கில்லை. இங்கே தரைக்கடியில் சார்னோக்கைட்டும் கோண்டலைட்டும் என்ற கடினப் பாறைகள்தான், எண்ணெய்க் கிணறே கிடையாது.

"ஆழ்கடலில் எண்ணெய் எடுத்து முடித்ததும் பசுமை ஆற்றலுக்கு மாற்றிவிடுவோம்" என்று யாராவது குளச்சலிலோ முட்டத்திலோ வந்து சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். ஆழ்கடல் தரையில் தண்ணீர் 4 டிகிரி அளவில் இருக்கும்; வெந்நீர் அதன் வழியே மேலே வரும்போது சூடு எவ்வளவு மிஞ்சும்? 200 கிலோவாட்டுக்காகக் கரைவரை கடலடிக் கேபிள் போடுவது யார்?