144 பார்த்த கண்

(ஞாயிறு மதியம். முரளியின் அறை. முரளி கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அதை ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் போகச் சொல்லி நச்சரித்ததால் அன்வர் வந்திருக்கிறான். அன்வரிடம் இருப்பது டிவியில் மாட்டி ஆடும் பிஎஸ்5 கேம் கன்சோல். திரையில் ஸ்பைடர்மேன் கேம்.)

அன்வர்: அரை மணி நேரமாக வெறும் செட்டிங்ஸைத்தான் பார்க்கிறேன். ஆட விடுவாயா, இல்லை கிளம்பட்டுமா?

முரளி: இரு மச்சான். மோஷன் பிளரை அணைத்தாச்சு. நிழல் 'ஹை'. முடி 'வெரி ஹை'...

அன்வர்: முடியா? ஸ்பைடர்மேன் முகமூடி போட்டிருப்பான்டா!

முரளி: நடுநடுவே கழற்றுவான்.

அன்வர்: என் பிஎஸ்5-ல் இந்த வம்பே இல்லை. 'ஃபிடெலிட்டி' என்றால் 4கே, நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம். 'பெர்ஃபார்மன்ஸ்' என்றால் 60. ஒன்றைத் தொட்டுவிட்டு ஆட வேண்டியதுதான்.

முரளி: 4கே-யைப் பற்றி நீ பேசாதே. உன் வீட்டு டிவி 32 இன்ச், எச்டி ரெடி. புள்ளிகள் மொத்தமே 768 வரிசை. 4கே என்றால் 2160.

அன்வர்: சீரியலுக்கு அது போதும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். எனக்கும் வில்லன் எங்கே நிற்கிறான் என்று தெரிகிறது.

முரளி: சரி, நீ நாற்காலியில் உட்கார். அந்த உயரமான கட்டிடம் தெரிகிறதா? அதன் கண்ணாடி முன்னால் போய் நில்.

அன்வர்: பக்கத்துத் தெருவில் கொள்ளை நடக்கிறதாம். போய்விட்டு வருகிறேன்.

முரளி: கொள்ளை தினமும் நடக்கும், கண்ணாடியைப் பார்! உனக்குப் பின்னால் இருக்கிற கட்டிடம், மேகம், டாக்சி எல்லாம் அதில் தெரிகிறது. இதுதான் ரே டிரேசிங். ஒளி எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று கம்ப்யூட்டரில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டே கணக்குப் போடுகிறது. இது இல்லாவிட்டால் திரையில் இருப்பதையோ முன்பே எடுத்துவைத்த படத்தையோ வைத்து ஒப்பேற்றுவார்கள். முதுகுக்குப் பின்னால் இருப்பது சரியாக வராது.

அன்வர்: அழகுதான். கொள்ளைக்காரன் தப்பித்துவிட்டான்.

முரளி: போகட்டும், பிழைத்துப் போகிறான்.

அன்வர்: 2018-ல் இதை நான் பிஎஸ்4-ல் ஆடியபோது ஒரு பெரிய ரகளை நடந்தது தெரியுமா? முன்னோட்டத்தில் காட்டிய தண்ணீர்க்குட்டை கேமில் சிறுத்துவிட்டது என்று ரசிகர்கள் குதித்தார்கள். கேம் செய்தவர்கள் கடைசியில் கேமுக்குள் படம் பிடிக்கிற போட்டோ மோடில் ஒட்டிக்கொள்ள குட்டை ஸ்டிக்கரே கொடுத்தார்கள். ஸ்பைடர்மேன் தரையில் கால் வைப்பதே அபூர்வம், அவனுக்கு எதற்குடா குட்டை?

முரளி: நியாயமான கோரிக்கை. நானும் கேட்டிருப்பேன்.

அன்வர்: உனக்குத்தான் அப்போது கேமே வரவில்லையே. பிசிக்கு எப்போது வந்தது?

முரளி: 2022 ஆகஸ்ட்.

அன்வர்: நான்கு வருஷம் கழித்து!

முரளி: காத்திருந்ததால்தான் 140 பிரேம். மூலையில் எண் ஓடுகிறது பார்.

அன்வர்: அத்தனையையும் இந்தக் கார்டா வரைகிறது?

முரளி: (குரலைத் தாழ்த்தி) முழுசாக இல்லை. டிஎல்எஸ்எஸ் போட்டிருக்கிறேன். 720-ல் வரைந்ததை ஏஐ 1080-க்குப் பெரிதாக்கும். அப்புறம் பிரேம் ஜெனரேஷன். இரண்டு பிரேமுக்கு நடுவில் ஒன்றை அதுவே ஊகித்துச் செருகும்.

அன்வர்: 720-ஆ? என் டிவியே 768 டா!

முரளி: அது வேறு, இது வேறு.

அன்வர்: கார்டு மட்டும் எவ்வளவு?

முரளி: 60,000.

அன்வர்: பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021-ல் வந்தபோது 49,990. கன்ட்ரோலரும் சேர்த்து. டிஸ்கை ஆடி முடித்ததும் விற்றுவிடுவேன்.

முரளி: எனக்கு ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையின் தள்ளுபடி சேல் இருக்கிறது. இதுவரை 180 கேம் சேர்த்திருக்கிறேன்.

அன்வர்: எத்தனை முடித்தாய்?

முரளி: எல்லாவற்றிலும் வேகத்தை அளக்கிற பெஞ்ச்மார்க் ஓட்டிவிட்டேன்.

அன்வர்: 1989-ல் வந்த கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவியில் கலரே இல்லை, நாலே நாலு சாயல். போட்டிக்கு வந்த கேம் கியரில் கலர் திரை, ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். ஜெயித்தது எது? கேம் பாய்தான்.

முரளி: அவர்கள் என் மானிட்டர் மாதிரி 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாற்றும் திரையைப் பார்த்ததில்லை. இதைப் பார்த்த கண்ணுக்கு 60 ஆகவே ஆகாது மச்சான். போன வாரம் உன் வீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்ததற்கே தலைவலி.

அன்வர்: இங்கே வெளிச்சம் கம்மியாக இருக்கிறது. மானிட்டர் பட்டன் எங்கே, அடியிலா? ஆங்... இதென்ன, '1920 × 1080, 60 ஹெர்ட்ஸ்' என்று காட்டுகிறது?

முரளி: தப்பாகக் காட்டும்.

அன்வர்: அதைப் பற்றி அதற்கே தெரியாதா?

முரளி: மூலையில் 140 ஓடுகிறதே!

அன்வர்: அது கார்டு சுட்ட தோசைக் கணக்கு. இலையில் விழுவது 60தான்.

முரளி: (நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு) ஆறு மாசமா மாற்றவே இல்லையா நான்?

அன்வர்: அப்புறம் என் வீட்டில் மட்டும் எப்படித் தலைவலி வந்தது?

முரளி: அது உங்கள் ஃபேன் சத்தம். பேசாமல் டெஸ்க்டாப்புக்குப் போய் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திற. ரிஃப்ரெஷ் ரேட்டில் 144 இருக்கும், அதை எடு.

அன்வர்: எடுத்தாச்சு.

முரளி: ஆஹா! மௌஸ் நகர்வதைப் பார், என்ன வழவழப்பு! இத்தனை நாள் இந்தக் கண் என்ன பாடுபட்டிருக்கும்! உண்மையைச் சொல், உனக்கே வித்தியாசம் தெரியவில்லை?

அன்வர்: நான் இன்னும் 'அப்ளை' அமுக்கவில்லைடா.