அறிவிப்புப் பலகை யாரையும் காப்பாற்றாது

"சொந்தப் பொறுப்பில் நீந்தவும். விபத்துக்குச் சங்கம் பொறுப்பல்ல." அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளத்தருகே இந்த வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பலகையை மாட்டியதோடு தங்கள் கடமை தீர்ந்ததாகச் சங்க நிர்வாகிகள் பலர் மனதார நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அது 2 ஆண்டாக இருந்தது. இழப்பீடு கேட்டுத் தொடரும் சிவில் வழக்கு தனி.

"பிள்ளையைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். ஆனால் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் முடிந்துவிடுகிறது. குளத்து வேலியில் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும், சிறு கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும் அதற்காகத்தான். பிரான்சில் வீட்டுத் தோட்டத்துக் குளத்துக்குக்கூட வேலி, மூடி, கூண்டு, அலாரம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2003லேயே சட்டம் வந்துவிட்டது.

நம் ஊரில் யாரும் பேசாத ஆபத்து, குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் வாய். பம்ப் ஓடும்போது அது தண்ணீரை இழுக்கிறது. மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் தலைமுடியையோ உடலையோ பற்றிக்கொள்ளும். நீச்சல் தெரிந்திருந்தும் பயனில்லை. 2002இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி சுழல்நீர்த் தொட்டியொன்றில் இப்படித்தான் சிக்கி இறந்தாள். நன்றாக நீந்தத் தெரிந்த சிறுமி. தாயால் இழுத்து எடுக்க முடியவில்லை. அந்தத் தாய் விடாமல் போராடியதில், 2007இல் மகளின் பெயரிலேயே சட்டம் வந்தது. சிக்கவைக்காத மூடி கட்டாயமானது. குடியிருப்பவர்கள் மட்டும் நீந்தும் அடுக்குமாடிக் குளத்தையும் அந்தச் சட்டம் பொதுக் குளமாகவே கருதுகிறது.

மின்கசிவும் அப்படித்தான். நீருக்கடியில் எரியும் விளக்கு 12 வோல்ட்டில் இயங்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (RCCB) என்ற பாதுகாப்புச் சுவிட்ச் இருக்க வேண்டும். அதைப் பொருத்தினால் போதாது, சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி மட்டும் சண்டை போடாதீர்கள். வடிகால் மூடியைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.