அரை மணிக்குள் வாடகை சைக்கிளைத் திருப்பி விடுவது குற்றமா?

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வாடகை சைக்கிள் வீடியோ என் டைம்லைனில் திரும்பத் திரும்ப வந்தபோதும் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அதன் கீழே ஒருவர் "இவனுங்களாலதான் எந்த நல்ல திட்டமும் உருப்படறதில்ல" என்று எழுத, என் நட்புப் பட்டியலில் இருக்கிற ஆட்களே வரிசையாகப் போய் ஹார்ட் போட்டிருந்ததைப் பார்த்தபிறகு முடியவில்லை. எந்த வீடியோ என்று இன்னும் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். தேடிப் போகாதீர்கள்.

அதில் அந்த மனிதர் அப்படி என்னதான் செய்துவிட்டார்? வாடகை சைக்கிளை, அவற்றைப் பூட்டி வைக்கிற ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பூட்டு விழுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. போனைப் பார்க்கிறார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைக்கிறார், அதே கர்ச்சீப்பால் சீட்டையும் துடைக்கிறார். கொஞ்ச நேரம் நிற்கிறார். அப்புறம் அதே சைக்கிளை மறுபடி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இதற்குப் பின்னணியில் ஒரு சோக இசை, மேலே "காசு கொடுக்க மனசில்லாத கூட்டம்" என்று தலைப்பு.

அவர் எந்த விதியையும் மீறவில்லை. சந்தா கட்டியிருக்கிறார். அந்தச் சந்தாவில் ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் அரை மணி நேரம் தனிக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் போனால் மீட்டர் ஓடும். இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டது நிறுவனம். அரை மணி முடிவதற்குள் அவர் சைக்கிளைத் திருப்பி விட்டார். அது ஒரு பயணம். மறுபடி எடுத்தார். அது இன்னொரு பயணம். இதில் எங்கே திருட்டு வந்தது? பஸ் பாஸ் வைத்திருப்பவர் நடுவில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கையைப் பிடிப்பாரா?

இந்த அரை மணி நேரம் யாரோ இரக்கப்பட்டுப் போட்ட தானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. பாரிஸில் 2007-ல் வெலிப் என்ற வாடகை சைக்கிள் திட்டம் தொடங்கியபோது கட்டணத்தை எப்படி வைத்தார்கள் தெரியுமா? முதல் அரை மணி இலவசம். அடுத்த அரை மணிக்கு 1 யூரோ, அதற்கடுத்ததற்கு 2, அதற்குப் பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் 4. ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போகும். எடுத்தவர் சைக்கிளை ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நிறுத்தி வைக்கக் கூடாது, சீக்கிரம் திருப்பி விட வேண்டும், அதே சைக்கிளை ஒரே நாளில் பல பேர் ஓட்ட வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆக, சைக்கிள் ஸ்டேஷனுக்குத் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுவதே நிறுவனம்தான். அவர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பூட்டு விழுந்த நிமிஷத்தில் அந்தச் சைக்கிள் ஊருக்கே சொந்தம், பக்கத்தில் யார் நின்றிருந்தாலும் எடுத்திருக்கலாம். வீடியோவை இன்னொரு முறை பாருங்கள், அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. வீடியோ எடுத்தவர் மட்டும்தான் நிற்கிறார். அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் போனைப் பையில் போட்டுவிட்டு அவரே எடுத்து ஓட்டிப் போயிருக்கலாமே.

"மத்தவங்களுக்கு சைக்கிள் கிடைக்காம போகுதே" என்று எழுதியவர்களுக்கு இதுதான் பதில்.

அப்படியே இது பிடிக்கவில்லை என்றால் நிறுவனத்துக்கு வழி தெரியாமலா இருக்கிறது? லண்டனில் 2010-ல் இந்தத் திட்டம் வந்தபோது, ஒரு சைக்கிளைத் திருப்பி விட்டால் அடுத்ததை எடுக்க 5 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். முடிந்தது கதை. அப்புறம் 2022-ல் கட்டணத்தையே மாற்றி, சந்தா இல்லாமல் ஓட்டுகிறவர்களிடம் ஒவ்வொரு அரை மணிப் பயணத்துக்கும் இவ்வளவு என்று காசு வாங்க ஆரம்பித்தார்கள். சரி, அது அவர்கள் முடிவு. விதியை மாற்றுகிறவர் மாற்றட்டும், ஓட்டுகிறவர் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்வார். விதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்படி நடந்தவர் முகத்தை ஊர் முழுக்கப் பரப்புவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் கேளுங்கள். பாரிஸில் மேட்டுப் பகுதி ஸ்டேஷன்கள் எப்போதும் காலியாகக் கிடக்கும். எல்லோரும் மேட்டிலிருந்து ஜம்மென்று இறங்கி வந்து கீழே விட்டுவிடுவார்கள், மேலே போகும்போது மெட்ரோ பிடித்துப் போய்விடுவார்கள். யார்தான் மூச்சிரைக்க மேடேறி மிதிப்பார்கள்? இதற்காக அங்கே யாரையும் சோம்பேறி என்று வீடியோ எடுத்துப் போடவில்லை. மேட்டில் கொண்டுபோய் விட்டால் கூடுதலாக 15 நிமிடம் உங்கள் கணக்கில் சேரும் என்று அறிவித்தார்கள். நியூயார்க்கில் நிரம்பி வழிகிற ஸ்டேஷனிலிருந்து எடுத்து, காலியாகக் கிடக்கிற ஸ்டேஷனில் விட்டால் புள்ளிகள் தருகிறார்கள். லாரி வைத்து சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போகிற வேலையில் கொஞ்சத்தை ஓட்டுகிறவர்களே பார்த்துவிடுகிறார்கள். மக்கள் கணக்குப் பார்ப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதை வைத்துத்தான் திட்டமே ஓடுகிறது. நிறுவனத்துக்கு லாபமாகக் கணக்குப் பார்த்தால் பரிசு, தன் மாதச் சம்பளத்துக்கு லாபமாகக் கணக்குப் பார்த்தால் பிச்சைக்காரத்தனம். நன்றாக இருக்கிறது.

"சட்டப்படி சரி, ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் வந்தார். நல்ல மனிதர், நான் மதிக்கிற மனிதர். அவர் தன் கார்டில் பாயிண்ட் சேர்த்து விமான டிக்கெட் எடுத்ததைப் போன மாதம்தான் பெருமையாகப் பதிவு போட்டிருந்தார். அதற்கு நானும் லைக் போட்டேன். மனசாட்சி அன்றைக்கு லீவில் இருந்திருக்கும்.

கொஞ்சம் நியாயமான கேள்வி ஒன்றும் வந்தது, அதை மறுக்கவில்லை. இப்படி எல்லோரும் செய்தால் வருமானம் குறையாதா, திட்டம் மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்? செலவு இருக்கிறதுதான். சைக்கிள் வாங்கிய காசைவிட அதைப் பழுது பார்ப்பதும், இடம் மாற்றுவதும், காணாமல் போனதற்கு ஈடு கட்டுவதும்தான் கையைக் கடிக்கும். ஆனால் இதுவரை கடையை மூடியவர்களின் கதையைக் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். கனடாவின் மாண்ட்ரியலில் பிக்ஸி என்ற வாடகை சைக்கிள் திட்டத்தை நடத்திய நிறுவனம் 2014-ல் திவாலானது. கழுத்துக்கு மேல் கடன், அதோடு மென்பொருள் சரியில்லை என்று நியூயார்க்கும் சிகாகோவும் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தன. சைக்கிளைப் பூட்டிப் பூட்டி எடுத்தவரால் அது கவிழவில்லை. பிறகு நகரமே எடுத்து நடத்தியது, இன்றும் ஓடுகிறது.

சீனாவின் ஓஃபோ என்ற வாடகை சைக்கிள் நிறுவனத்தின் கதை இன்னும் அருமை. மஞ்சள் சைக்கிள், ஸ்டேஷனே கிடையாது, எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், எங்கேயும் விடலாம். ஓட்டுகிற காசு ரொம்பக் குறைவு. ஆனால் முதலில் 99 யுவான் டெபாசிட், பிறகு அது 199 ஆனது. 2018 கடைசியில் பணத்தைத் திரும்பக் கேட்டு பெய்ஜிங் தலைமை அலுவலகத்தில் குளிரில் ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஆப்பில் பதிவு செய்து காத்திருந்தவர்கள் 1 கோடிக்கும் மேல். அந்த வரிசையில் நின்றவர்களில் யார் மனசாட்சி இல்லாதவர், சொல்லுங்கள் பார்ப்போம்.

ஓட்டுகிறவர்கள் மேல் சந்தேகம் என்பது இந்தத் திட்டங்களோடு கூடவே பிறந்தது. 1965-ல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற கலகக்கார இயக்கத்து இளைஞர்கள் சில சைக்கிள்களுக்கு வெள்ளையடித்து, யார் வேண்டுமானாலும் ஓட்டுங்கள் என்று தெருவில் பூட்டாமல் விட்டார்கள். பூட்டாத சைக்கிள் சட்டவிரோதம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அவர்களும் சரி என்று எண் பூட்டு மாட்டி, அந்த எண்ணை சைக்கிள் மேலேயே எழுதி வைத்தார்கள். எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும். கோபன்ஹேகனில் 1995-ல் வந்த திட்டத்தில் காசு போட்டால் பூட்டு திறக்கும், திருப்பி விட்டால் போட்ட நாணயம் திரும்ப வரும். யார் எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் காணாமலும் போனது. அதற்குப் பிறகுதான் கார்டு, பெயர், முகவரி, டெபாசிட் எல்லாம் வந்தது. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அவர்களிடம் என் பெயர் இருக்கிறது, கார்டு இருக்கிறது, நான் எங்கே எடுத்தேன் எங்கே விட்டேன் என்பதெல்லாம் இருக்கிறது. அவர்கள் தப்பு செய்தால் பிடிக்க என்னிடம் என்ன இருக்கிறது?

இதைச் சும்மா கேட்கவில்லை. போன மழையில் ஒரு ராத்திரி ஸ்டேஷனில் சைக்கிளைத் தள்ளி நிறுத்தினேன். பச்சை விளக்கு வரவில்லை. பின்னால் இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை, பூட்டு விழுந்துவிட்டது. ஆப்பில் மட்டும் "பயணம் நடந்துகொண்டிருக்கிறது" என்று வினாடி ஓடுகிறது. நான் நிற்கிறேன், சைக்கிள் நிற்கிறது, மீட்டர் மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது! கஸ்டமர் கேருக்கு அடித்தால் பாட்டு. குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முன் சக்கரம் பூட்டில் மாட்டியிருப்பதையும் ஸ்டேஷன் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க நான் சைக்கிள் ஓட்டியதாகக் கட்டணம் எடுத்திருக்கிறார்கள். போட்டோ அனுப்பினேன். "போட்டோவில் நேரம் தெரியவில்லை" என்றார்கள். மறுபடி அனுப்பினேன். வாரக்கணக்கில் இழுத்தடித்து, எடுத்த பணத்தைத் திருப்பித் தராமல், அவர்கள் வாலட்டில் கிரெடிட்டாகப் போட்டார்கள். அதற்கும் ஒரு காலாவதித் தேதி!

இதை அப்போது எழுதினேன். எத்தனை பேர் படித்தீர்கள்? இப்போது அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிடுகிற யாருமே அன்றைக்குக் கமெண்டுக்குக்கூட வரவில்லை. கோபமெல்லாம் கர்ச்சீப் வைத்திருக்கிற ஆளிடம்தான் வரும் போல.

"நீயும் அப்படித்தான பண்ற, அதான் வலிக்குது" என்று ஒரு பழைய தோழி எழுதியிருக்கிறாள், கூடவே சிரிப்பு பொம்மை. ஆமாம்மா, செய்கிறேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் நடு ஸ்டேஷனில் விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எடுக்கிறேன். யாருக்கும் ஒளிக்கவில்லை. வீடியோ எடுக்க வேண்டுமென்றால் சொல், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துகிற ஒன்று இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ராத்திரி காவலுக்கு வருகிற பெரியவர். கடைசி பஸ் போனபிறகு மாற்று ஆள் வந்தால் அவருக்கு நடைதான். வாசலிலேயே வரிசையாக சைக்கிள் நிற்கிறது. ஒருநாள் "இதை எப்படிம்மா எடுக்கறது?" என்று கேட்டார். ஆப் வேண்டும், ஆப்புக்கு ஓரளவு நல்ல போன் வேண்டும், கார்டு இணைக்க வேண்டும், முதலில் ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். அவருடைய போனில் பட்டன்தான் இருக்கிறது. என் கணக்கில் எடுத்துக் கொடுக்கலாமா என்று விதிகளைப் படித்தேன், கூடாதாம். வேறு ஆளுக்குத் திறந்துவிட்டால் கணக்கையே முடக்குவார்களாம். சொன்னேன். "பரவால்லம்மா, நடந்தே போய்க்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

செய்ய முடியாத காரியமில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2015-ல் இண்டெகோ என்ற வாடகை சைக்கிள் திட்டம் தொடங்கியபோதே கார்டு இல்லாதவர்கள் கடையில் ரொக்கமாகக் கட்டலாம் என்று வழி வைத்தார்கள். அரசின் உணவு உதவி வாங்குகிறவர்களுக்குக் குறைந்த கட்டணச் சந்தாவும் அங்கே உண்டு. சீனாவின் ஹாங்சோவில் 2008-லேயே பஸ்ஸுக்கு வைத்திருக்கிற கார்டைத் தட்டினால் சைக்கிள் கையில் வந்தது, முதல் ஒரு மணி நேரம் இலவசம். ஒரு மணி நேரம்! அங்கே யாரும் அரை மணிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நிற்க வேண்டியதில்லை.

"இவ்வளவு பேசறவங்க கூட ரெண்டு காசு கொடுத்துட்டுப் போகலாமே" என்பவர்களுக்கு: நீங்கள் கொடுங்கள். யாரும் தடுக்கவில்லை. அரை மணி முடிந்தபிறகும் ஸ்டேஷனைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, மீட்டர் ஏறினதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள், முதல் ஆளாக வந்து ஹார்ட் போடுகிறேன்.

கமெண்டில் சண்டைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் ஆப்பைத் திறந்து பழைய பயணங்களைப் பாருங்கள். சைக்கிளை விட்ட நேரமும், கணக்கு முடிந்த நேரமும் ஒத்துப்போகிறதா? டெபாசிட்டைக் கேட்டும் திரும்பக் கிடைக்காதவர்கள், வாலட்டில் கிரெடிட் காலாவதியானவர்கள், தேதியோடு கீழே எழுதுங்கள். நான் தொகுத்து அனுப்புகிறேன். மனசாட்சி பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு இன்றைக்கு பதில் சொல்வதாக இல்லை.