சகுராவைச் சாவோடு முடிச்சுப் போடாதீர்கள்

மார்ச் கடைசி வந்துவிட்டால் என் டைம்லைன் முழுக்க சகுரா, அதாவது ஜப்பானின் செர்ரிப் பூ, பூத்து இளஞ்சிவப்பாகிவிடும். படம் போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும், எனக்கும் பார்க்கப் பிடிக்கும். படத்துக்கு மேலே எழுதுகிற வரிதான் உறுத்துகிறது. "சகுரா போல அழகாக இருக்கும்போதே உதிர்ந்துவிட வேண்டும்", "சாவையும் அழகாக்கியவர்கள் ஜப்பானியர்கள்" என்று இந்த வருஷம் மட்டும் ஆறேழு பதிவுகள் கண்ணில் பட்டன. பதினோரு வருஷமாக டோக்கியோவில் இருக்கிறேன். இதைப் பற்றி ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

நிலையாமை சகுராவைப் பாடும் மரபில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 12ஆம் நூற்றாண்டுத் துறவிக் கவி சைக்யோ, வசந்தத்தில், இரண்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி, பூத்த மரத்தடியில் உயிர் போக வேண்டும் என்று பாடினார். 1190இல் ஏறக்குறைய அதே நாளில் இறந்தும் போனார். ஆனால் அது அவர் தனக்காக ஆசைப்பட்ட சாவு. இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து 'நீ போய் உதிர்' என்று அவர் சொல்லவில்லை.

அப்படிச் சொன்னது பின்னால் வந்த ராணுவ அரசு. 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோட்டோரி நொரினாகாவின் ஒரு பாடல் இங்கே ரொம்பப் பிரபலம். ஜப்பானிய மனம் எது என்று யாராவது கேட்டால், காலை வெயிலில் ஒளிரும் மலைச் செர்ரிப் பூ என்று சொல்வேன் என்பதுதான் அதன் பொருள். மறுபடி படித்துப் பாருங்கள். உதிர்வது அதில் எங்கே இருக்கிறது? வெயில் இருக்கிறது, பூ இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 அக்டோபரில் முதல் தற்கொலைத் தாக்குதல் விமானப் படைகளை உருவாக்கியபோது, இந்தப் பாட்டிலிருந்தே நான்கு சொற்களை எடுத்து நான்கு பிரிவுகளுக்குப் பெயர் வைத்தார்கள். ஷிகிஷிமா, யமாத்தோ, அசாஹி, யமசகுரா. விமானியை உள்ளே வைத்துக்கொண்டே போய் மோதி வெடிக்கிற ராக்கெட் குண்டு ஒன்றையும் செய்தார்கள். அதன் பெயர் 'ஓக்கா'. செர்ரிப் பூ என்று அர்த்தம். பக்கவாட்டில் பூவையும் வரைந்துவைத்தார்கள்.

ககோஷிமா மாவட்டத்தில் சிரான் என்று ஒரு ஊர். அங்குள்ள நினைவு அருங்காட்சியகத்தில், ஒகினாவா போரில் இப்படிச் செத்த ராணுவ விமானிகள் 1,036 பேரின் படங்கள் சுவர் முழுக்க மாட்டியிருக்கின்றன. பதினேழு வயசுப் பையனும் அதில் இருக்கிறான். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதங்கள். எனக்கு ஜப்பானிய எழுத்து முழுசாகப் பிடிபடாது. 'அம்மா' என்ற சொல் மட்டும் எந்தக் கடிதத்திலும் சட்டென்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் அதிகம் படிக்கவில்லை. 1945 ஏப்ரலில் எடுத்த ஒரு புகைப்படம் பலருக்கும் தெரிந்திருக்கும். குண்டைச் சுமந்துகொண்டு விமானம் கிளம்புகிறது, ஓரமாக நிற்கும் பள்ளி மாணவிகள் பூத்த செர்ரிக் கிளைகளை ஆட்டி வழியனுப்புகிறார்கள். 'அழகாக உதிர்தல்' என்று யாராவது எழுதினால் அந்தக் கிளைகள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் கொட்டுவதையும் 'இயற்கை சொல்லும் பாடம்' என்கிறார்கள். அது நாற்றங்கால்காரர்களின் கைவேலை. இன்று ஊரெங்கும் பார்க்கிற ரகம் சொமெய் யோஷினோ. எடோ காலத்தின் (1603–1868) கடைசியில், இன்றைய டோக்கியோவுக்குள் இருக்கும் சொமெய் கிராமத்திலிருந்து பரவியது. விதையில் வராது, ஒட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். அதனால் எல்லா மரமும் மரபணு அளவில் ஒரே மரம். ஒரே ஊரில், ஒரே வெப்பத்தில் இருந்தால் ஒன்றாகத்தான் பூக்கும், ஒன்றாகத்தான் கொட்டும். சைக்யோவும் நொரினாகாவும் பாடிய மலைச் செர்ரி இப்படியில்லை. அதில் மரத்துக்கு மரம் நிறம் வேறு, நாள் வேறு. பூவோடு செந்தளிரும் சேர்ந்தே வரும். இன்னும் பின்னால் போனால், 8ஆம் நூற்றாண்டின் மன்யோஷூ தொகுப்பில் செர்ரியைவிட 'உமே' என்ற ஜப்பானிய பிளம் மலருக்குத்தான் பாடல்கள் அதிகம்.

இங்கே வாழ்கிறவர்களுக்கு இந்தப் பூ என்ன என்று கேட்டால், ஏப்ரல் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பள்ளிக்கூடம் ஏப்ரலில் திறக்கிறது, புது வேலையிலும் ஏப்ரலில்தான் சேர்கிறார்கள். பரீட்சை முடிவைத் தந்தியில் அனுப்பிய காலத்தில் 'சகுரா பூத்தது' என்று வந்தால் பாஸ். 'உதிர்ந்தது' என்று வந்தால், பாவம், அடுத்த வருஷம். என் மகள் இங்கே ஒன்றாம் வகுப்பு சேர்ந்த அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சின்னக் கோப்பைகளில் வெந்நீர் ஊற்றினார். உப்பில் ஊறவைத்த பூ ஒன்றை அதில் போட்டார். சுருங்கி, கசங்கிக் கிடந்தது மெல்ல ஒவ்வொரு இதழாக விரிந்து, முழுப் பூவாக மேலே வந்து நின்றது. மகள் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கல்யாணப் பேச்சிலும் கல்யாணத்திலும் கொடுக்கிற பானம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொமெய் யோஷினோவின் ஆயுள் 60 வருஷம்தான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள், உமேயை வெட்டாதவன் முட்டாள் என்று பழமொழியும் உண்டு. வெட்டின இடம் வழியாக அழுகல் ஏறிவிடும் என்ற பயம்தான் காரணம். வடக்கே அவோமோரி ஆப்பிள் விளைகிற சீமை. அங்கே ஹிரோசாகி கோட்டைப் பூங்காவில், ஆப்பிள் மரத்துக்குச் செய்கிற கவாத்தைச் செர்ரிக்கும் செய்து பார்த்தார்கள். மரம் சாகவில்லை, முன்னைவிட அடர்த்தியாகப் பூத்தது. 1882இல் நட்ட மரம் இன்னும் அங்கே பூக்கிறது. நூறு வயசு தாண்டியவை முந்நூறுக்கு மேல். அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்களை 'சகுராமோரி' என்கிறார்கள். செர்ரிக் காவலர்கள்.

மூன்று வருஷம் முன்பு பிப்ரவரியில் அங்கே போயிருந்தேன். ஒரு பூ கிடையாது, முழங்கால் வரைக்கும் பனி. ஏணியில் நின்ற ஒருவர் கிளையை அறுத்துவிட்டு, வெட்டுவாயில் மருந்தைத் தடவிக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சிராய்ப்புக்கு மருந்து போடுகிற அதே பதம். கீழே விழுந்த கிளைகளில் ஒன்றை எனக்கும் தந்தார். வீட்டில் தண்ணீரில் வைத்தால் பூக்கும் என்றார். துண்டில் சுற்றி ரயிலில் டோக்கியோ கொண்டுவந்து, தண்ணீர் பாட்டிலில் போட்டு சமையலறை ஜன்னலோரம் வைத்தோம். பதினெட்டாம் நாள் காலையில் மகள்தான் முதலில் பார்த்து எங்களை எழுப்பினாள்.